கொடுக்கத் தெரிந்த கைகள்

கூடைப்பந்து ஆட்டம் நடக்கும் மைதானத்தில் ஜனங்கள் எப்பொழுது கை தட்டுகிறார்கள் என்பதை நேயர்கள் கவனித்ததுண்டோ? பந்து வளையத்துக்குள் புகுந்து, வலையை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கீழே விழுகிறதே, அந்தக் கணத்தில்தான். போட்டவள் இன்னாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள். அதற்கு ஒரு விநாடி முன்னால் அந்தப் பந்து யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் விழிப்பார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. கண்ணானது பந்தைத் தொடர்ந்து போகும் சுபாவமுடையது. பந்தை விட்டவளைத் திரும்பிப் பார்க்க அதற்கு அவகாசம் ஏது?

அப்படித் திரும்பிப் பார்க்கப்படாத பெண்மணிகளைப் பற்றியே இங்கே எழுத முற்படுகிறேன்.

நாஞ்சில் நாட்டு வயல்களில் நடவு பார்த்தவர்களுக்கு விஷயம் எளிதில் விளங்கும். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டபடியே பின்னோக்கி நகர்ந்து வருவார்கள். வரப்பில் நிற்பவன் நாற்று முடிகளை எடுத்து வீசுவான். அவர்கள் இப்பொழுது நிற்கிற இடத்தில் வீசிப் பிரயோசனமில்லை. கையிலுள்ள நாற்று தீரும் சமயத்தில் எங்கே வந்து நிற்பார்களோ, அங்கே முடி விழுந்து கிடக்க வேண்டும். ஒருவர் முதுகிலும் படக் கூடாது. சேற்றில் புதைந்து போகவும் கூடாது. கை நீட்டினால் நாற்று இருக்கும். பயிர் பச்சை பிடித்த பிறகு வீசினவனை யார் நினைக்கிறார்கள்? கூடைப்பந்தில் நல்ல பந்து கொடுப்பவளின் வித்தையும் ஏறக்குறைய இதுவே. தோழி நிற்கும் இடத்துக்கு அல்ல, அவள் போய்ச் சேரப்போகும் இடத்துக்குப் பந்தை அனுப்புகிறாள். அவள் அங்கே போகப் போகிறாள் என்பது, சில வேளைகளில், அவளுக்கே தெரியாது.

இந்த ஆட்டம் பிறந்த விதத்தைப் பார்த்தாலே கொடுப்பதற்கு அதில் எவ்வளவு முக்கிய ஸ்தானம் என்பது தெரியவரும். 1891-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த வாலிபர் கிறிஸ்தவ சங்கத்துப் பயிற்சிக் கலாசாலையில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் மாணவர்களைக் குளிர்காலத்தில் சும்மா இருக்க விடாமல் ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். உதைபந்து ஒன்றும் பீச் பழக் கூடைகள் இரண்டுமே அதற்கு வேண்டிய தளவாடம். அவர் எழுதிய பதின்மூன்று விதிகளில் ஒன்று, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். அதாவது, ஆட்டம் பிறந்தபோது அதில் எறிவதும் வாங்குவதும் தவிர வேறொன்றும் இல்லை. பந்தைத் தட்டித் தட்டிக்கொண்டு ஓடும் வழக்கம் பிற்பாடு வந்தது.

அடுத்த வருஷமே ஸ்மித் கலாசாலையின் உடற்பயிற்சி ஆசிரியை ஸெண்டா பெரென்ஸன் இதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். அந்நாளில் பெண்கள் ஓடியாடினால் உடம்புக்கு ஆகாது, நாகரிகத்துக்கும் ஆகாது என்ற அபிப்பிராயம் அங்கேயும் பலமாக இருந்தது. (நம் பாட்டிமார் மட்டுமே இப்படிச் சொன்னார்கள் என்று எண்ண வேண்டாம்.) ஆகவே அவர் மைதானத்தை மூன்று பாகமாகப் பிரித்தார். ஒரு பாகத்தில் நிற்பவள் அடுத்த பாகத்தில் கால் வைக்கக் கூடாது. பிறர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று விநாடிக்குமேல் வைத்திருக்கக் கூடாது. மூன்று தடவைக்குமேல் தட்டவும் கூடாது. 1893-ம் வருஷம் மார்ச் மாதம் அங்கே நடந்த முதல் பந்தயத்தைக் காண ஆண்களுக்கு அனுமதியில்லை.

எல்லாம் ‘கூடாது, கூடாது’ என்றே இருக்கின்றன அல்லவா? ஆயினும் வேடிக்கை பாருங்கள். ஓடவும் கூடாது, பறிக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்றால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? கொடுப்பாள். வேகமாகவும் குறி தப்பாமலும் கொடுக்கக் கற்றுக்கொள்வாள். பெண்கள் பலவீனர்கள் என்ற எண்ணத்தில் போட்ட வேலியே அவர்களுடைய ஆட்டத்தை, ஆண்களின் ஆட்டத்தைவிட, கொடுப்பவளின் ஆட்டமாக ஆக்கிவிட்டது. அவ்வேலி சீக்கிரம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைதானத்தை இரண்டாகப் பிரித்து ஆறு ஆறு பேராக ஆடும் முறை, அயோவா மாகாணத்துப் பள்ளிக்கூடப் பெண்களிடையே 1993-ம் வருஷம் வரையில் நீடித்தது.

இன்றைய ஆட்டத்தில் ஒரு கோஷ்டிக்கு ஐந்து பேர். அவர்களில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவளுக்குப் ‘பாயிண்ட் கார்டு’ என்று பெயர். நான் அவளைச் சூத்திரதாரி என்று சொல்வேன். நாகர்கோவில் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தோல்பாவைக் கூத்து நடத்தி வந்த குடும்பங்கள் உண்டு. திரைக்குப் பின்னால் ஒருவரே இருந்துகொண்டு ராமனையும் அனுமானையும் ராவணனையும் ஆட்டி வைப்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். கூடைப்பந்துச் சூத்திரதாரிக்கு வேலை இன்னும் சிரமம். அவளுடைய பாவைகளுக்கு உயிர் உண்டு, சொந்த புத்தியும் உண்டு. எதிரே ஐந்து பேர் அவளைக் கெடுக்கவென்றே நிற்கிறார்கள். இருபத்து நான்கு விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும்.

அவள் செய்வதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். உயரமான தோழி ஒருத்தி வந்து, சூத்திரதாரியைக் காவல் காக்கும் எதிரிக்குக் குறுக்கே தூண் போல் நின்றுவிடுகிறாள். சூத்திரதாரி அந்தத் தூணை உரசிக்கொண்டு சுற்றி வருகிறாள். காவல்காரி தூணில் முட்டிக்கொண்டு தடுமாற, தூணுக்குக் காவலாயிருந்தவள் சூத்திரதாரியை மறிக்க ஓடி வருகிறாள். ஆக, ஒருத்தியைப் பிடிக்க இருவர். அப்படியானால் வேறெங்கோ ஒருத்தி காவலில்லாமல் இருந்தே தீர வேண்டும். அது யார்? கூடையை நோக்கித் திரும்பி ஓடும் அந்தத் தூணா, மூலையில் சும்மா நிற்பவளா? கண்டுபிடிக்க ஒரு விநாடிகூடக் கிடையாது. கண்டுபிடித்தாலும் போதாது. மார்பிலிருந்து தள்ளுவதா, எதிரியின் கைக்குக் கீழே தரையில் குத்தி அனுப்புவதா, தலைக்கு மேலே தூக்கிப் போடுவதா என்பதையும் அதற்குள் தீர்மானிக்க வேண்டும். போதாக்குறைக்கு, எதிரி அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண் போகும் திசையில் பந்து போகும் என்பது காவல்காரிக்குத் தெரியும். ஆதலால் கைதேர்ந்தவர்கள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் கொடுக்கிறார்கள். இது வெறும் ஜாலம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை காவலுக்கு நின்று பார்க்கட்டும்!

இப்படிக் கொடுத்த பந்து கூடையில் விழுந்தால் கொடுத்தவள் கணக்கில் ஓர் ‘அஸிஸ்ட்’, அதாவது ஓர் உதவி, எழுதப்படும். வாங்கினவள் தவறவிட்டால் ஒன்றும் இல்லை. உலகத்திலேயே அழகான பந்தைக் கொடுத்தவளுக்கும் அன்று பூஜ்யந்தான். தன் பெயர் பிறர் கையில் இருப்பது இந்த உத்தியோகத்தின் விசித்திரம்.

பெண்கள் இவ்வாட்டத்தைச் சம்பளத்துக்கு ஆடித் தொழிலாகக் கொள்ளும் ஏற்பாடு அமெரிக்காவில் பல தடவை ஆரம்பித்து நொடித்துப்போன பின்னர், 1997-ம் வருஷம் ஜூன் மாதம் நிலையாகக் காலூன்றியது. முதல் வருஷத்திலேயே உதவிக் கணக்கில் முதலாவதாக நின்றவர் நியூயார்க் கோஷ்டியின் தெரேஸா வெதர்ஸ்பூன். அவரை உலகம் நினைப்பது வேறொன்றுக்காக. 1999-ம் வருஷத்து இறுதிப் பந்தயங்களுள் ஒன்றில், நேரம் முடியும் கணத்தில், பாதி மைதானத்திலிருந்து ஒரு பந்தை எறிந்து கூடையில் போட்டார். நூற்றுக்கணக்கில் கொடுத்தவை மறந்து போயின. தாமே போட்ட அந்த ஒன்றைத்தான் இன்றும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்.

டிச்சா பெனிச்சேய்ரோவின் கதை அப்படியல்ல. அவரைக் கொடுத்ததற்காகவே ஜனங்கள் நேசித்தார்கள். அட்லாண்டிக் சமுத்திரக் கரையில், நம் புத்தளம் போலவே உப்பளங்கள் உள்ள ஃபிகேய்ரா டா ஃபோஸ் என்ற போர்ச்சுகல் ஊரில் 1974-ல் பிறந்தவர். 1998-ம் வருஷம் ஸாக்ரமெண்டோ கோஷ்டியில் சேர்ந்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து கொடுப்பார். கால்களுக்கு இடையில் கொடுப்பார். வானத்தைப் பார்த்தபடி கொடுப்பார். ஒரே ஆட்டத்தில் 16 உதவி என்ற கணக்கை அவர் முதல் வருஷத்திலேயே எட்டினார். அதை மிஞ்ச 2020 வரையில் யாரும் வரவில்லை. ஏழு வருஷங்களில் உதவிக் கணக்கில் முதல் ஸ்தானம் அவருடையது. 2012-ல் ஓய்வு பெற்றபோது மொத்தம் 2,599. கூடையில் பந்து போடுவதில் அவர் பெரிய கெட்டிக்காரி அல்ல என்பதை எதிரிகள் அறிவார்கள். ‘இவள் எறிய மாட்டாள், கொடுக்கத்தான் போகிறாள்’ என்று தெரிந்து காத்திருந்தவர்களிடையே பதினைந்து வருஷம் அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். என் மனசுக்கு மிகவும் உகந்தவர் இவரே என்று சொல்லிவிடுகிறேன்.

ஃபிலடெல்ஃபியா நகரத்து ஏழைக் குடியிருப்பில் பையன்களோடு ஆடி வளர்ந்த டான் ஸ்டேலி, சாதாரண உயரமே உள்ளவர். மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்று, 2004-ல் ஏதென்ஸ் நகரில் தம் தேசத்துக் கொடியை ஏந்தி முன் நடந்தார். பிறகு பெயர் பெற்ற பயிற்சி ஆசிரியையாகவும் ஆனார். சூத்திரதாரிகள் பலர் பின்னாளில் ஆசிரியர்களாவதில் ஆச்சரியமில்லை. ஆடும்போதே பாடம் நடத்தியவர்கள்தானே!

ஸியாட்டில் நகரத்து ஸூ பேர்டு விஷயத்தில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். 2002 முதல் 2022 வரையில் ஒரே கோஷ்டி. 3,234 உதவிகள். ஐந்து ஒலிம்பிக் தங்கம். இவற்றைவிட என்னை யோசிக்க வைப்பது வேறு கணக்கு. அவருடைய கோஷ்டி முதல் தடவை கோப்பை வென்றது 2004-ல். அவர் காலத்தில் கடைசியாக வென்றது 2020-ல். இடையில் பதினாறு வருஷம்! அந்த 2020 இறுதிப் பந்தயங்களின் முதல் ஆட்டத்தில் அவர் கொடுத்த உதவிகள் 16. அப்போது அவருக்கு வயது 39. அதற்குள் முழங்கால் பல தடவை அறுவைச் சிகிச்சை கண்டுவிட்டது. இளம் வயதின் ஓட்டம் போய்விட்டது. ஆனால் பார்வை போகவில்லை, கூர்மைதான் கூடியிருந்தது. ஓடுவதும் குதிப்பதும் உடம்பின் வித்தை. இருபது வயதில் உச்சிக்கு வரும். கொடுப்பது ஞாபகத்தின் வித்தை. ஆயிரம் ஆட்டங்களில் ஆயிரம் தடவை பார்த்த நிலைகள் மனசில் படிந்த பின்தான், ‘இதோ இவள் இப்பொழுது திரும்பப் போகிறாள்’ என்பது கைக்குத் தானாகத் தெரியும். மாங்காய் பறிப்பதற்கும் ஊறுகாய் ஊறுவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஊறுவதற்குக் காலம் வேண்டும். காலம் வேண்டுமானால் சோற்றுக்கு வழி வேண்டும். அமெரிக்காவின் கோடைகால ஆட்டத்தில் கிடைத்த சம்பளம் இவர்களுக்கே போதவில்லை. பேர்டு பல குளிர்காலங்களை ரஷ்ய தேசத்துக் கோஷ்டிகளில் ஆடிக் கழித்தார். அங்கே சம்பளம் அதிகம். அவரும் அவர் போன்றவர்களும் பனியில் போய் ஆடியிராவிட்டால், முப்பத்தொன்பதாம் வயதுக் கையை நாம் பார்த்திருக்க மாட்டோம். பின்வந்தவர்களில் சிக்காகோவின் கோர்ட்னி வாண்டர்ஸ்லூட் 2020-ல் ஓர் ஆட்டத்தில் 18 உதவி செய்தார். 2024 ஜூலையில் இந்தியானா கோஷ்டியின் கேட்லின் கிளார்க், ஆட வந்த முதல் வருஷத்திலேயே, 19 என்று அதையும் கடந்தார். கிளார்க்குக்குப் பெரிய ஜனக்கூட்டம் உண்டு. ஆனால் பெரும்பாலோர் பார்க்கப் போவது அவர் வெகு தூரத்திலிருந்து கூடைக்கு எறிவதை என்பதையும் சொல்ல வேண்டும்!

நம் தேசத்துக்கு வருவோம். கூடைப்பந்து நமக்கு அயல் சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு சங்கதி. நைஸ்மித் அதைக் கண்டுபிடித்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு கலாசாலையில் பயின்ற ஹாரி பக் என்பவர், 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கலாசாலை ஒன்றை ஸ்தாபித்தார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் தென்னாடெங்கும் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். ஆக, பிறந்த வீட்டிலிருந்து நேரே நம் வீட்டுக்கு வந்த ஆட்டம் இது.

அந்தச் சென்னையில் 1985-ல் பிறந்தவர் அனிதா பால்துரை. பதினைந்தாம் வயதில், 2000-ம் வருஷத்தில், இந்தியக் கோஷ்டியில் இடம் பெற்றார். 2017 வரையில் பதினெட்டு வருஷம் அதில் ஆடினார், தலைமையும் வகித்தார். ஆசிய சாம்பியன் பந்தயங்கள் ஒன்பதில் தொடர்ந்து ஆடினார். தேசியப் பந்தயங்களில் அவர் பெற்ற பதக்கங்கள் முப்பது. கோஷ்டிக்கு மூவராக ஆடும் ஆசியப் பந்தயத்தில், 2013-ல் தோஹா நகரில், நம் பெண்கள் தங்கம் வென்றபோது அவரும் அதில் இருந்தார். தாயான பிறகு பெண்கள் ஆட்டத்தை விட்டுவிடுவது நம் நாட்டு வழக்கம். அவர் திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியப் பந்தயத்தின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில், கஸக்ஸ்தானை 75-க்கு 73 என்று நம்மவர்கள் வென்று முதற் பிரிவுக்கு ஏறினார்கள். இரண்டே புள்ளி! 2021-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவருடன் பல வருஷம் ஆடிய கீது அன்னா ஜோஸ் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்றே சொல்லலாம். கோட்டயம் சீமையைச் சேர்ந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். அத்தகைய உயரக்காரி கூடைக்கருகில் கை தூக்கி நின்றாலும், அந்தக் கைக்குப் பந்து போய்ச் சேர வேண்டுமே! ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கோஷ்டிக்காக ஆடிய கீதுவை, 2011-ல் அமெரிக்கக் கோஷ்டிகள் மூன்று வரவழைத்துப் பரீட்சித்துப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை என்றாலும், அந்த வாசல் வரையில் போய் நின்ற முதல் இந்தியப் பெண் அவர்.

அனிதாவுக்கும் கீதுவுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இருவருக்கும் தெற்கு ரயில்வேயில் உத்தியோகம். சம்பளத்துக்கு ஆடும் பெண்கள் கோஷ்டிகள் நம் தேசத்தில் இன்னும் வேர் பிடிக்கவில்லை. அந்தக் குறையை ரயில்வே ஓரளவு தீர்த்து வைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம், ஆடுவதற்கு அவகாசம். பதினைந்து வயதுச் சிறுமி முப்பத்திரண்டு வயதுச் சூத்திரதாரியாக ஊறுவதற்கு வேண்டிய பதினெட்டு வருஷத்தை வாங்கிக் கொடுத்தது எது என்று கேட்டால், திறமைக்கு அடுத்தபடியாக அந்த உத்தியோகத்தைத்தான் சொல்வேன்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் பெண் கல்விக்குப் பஞ்சமில்லை. நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வந்து இருநூறு வருஷமாகிறது. மைதானங்களும் இருக்கின்றன, கூடை கட்டிய கம்பங்களும் இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் வேகமாக ஓடும் பெண்ணைப் பார்க்கிறோம். பத்தாம் வகுப்பில் அவள் தலை நிமிர்ந்து பந்தைத் தட்டக் கற்றுக்கொள்கிறாள். அதாவது, பந்தைப் பாராமல் தோழிகளைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் தடவையாக, ஒருத்தி வந்து சேருவதற்கு முன்பே அந்த இடத்துக்குப் பந்தை அனுப்புகிறாள். அத்துடன் சரி. பரீட்சை வருகிறது, கலாசாலை, நர்ஸ் படிப்பு, கலியாணம் என்று ஏதோ ஒன்று வருகிறது. பெற்றோரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. “ஸார், இதை ஆடி அவள் என்ன சாப்பிடுவாள்?” என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ரயில்வேயில் எத்தனை பேருக்கு இடம் இருக்கும்?

பந்து போடுகிறவளுக்காவது சான்றிதழ், கோப்பை, பத்திரிகையில் படம் என்று ஏதேனும் கிடைக்கிறது. கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஒதுக்கும் இடங்களுக்கும் அவளைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். கொடுக்கிறவளுக்கு அதுவும் அபூர்வம். காரணம், பந்தயத்தின் அதிகாரபூர்வமான கணக்குத்தாளில் புள்ளிக்கு இடம் உண்டு, தவறுக்கு இடம் உண்டு, ஓய்வு கேட்டதற்கும் இடம் உண்டு; உதவிக்கு இடமே இல்லை! பெரிய பந்தயங்களில் தனியே ஆள் வைத்து அதை எழுதுகிறார்கள். ஜில்லாப் பந்தயத்தில் யார் எழுதுவார்கள்? தேர்வாளர்கள் தாளைப் பார்க்கிறார்கள். தாளில் அவள் இல்லை.

ஆகையால் சில வருஷங்களாக எங்கள் பெண்கள் ஆடும்போது நான் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் ஓரமாக உட்காருகிறேன். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டுத்தான். பெயருக்கு எதிரே இரண்டு பத்தி: ஒன்று கூடையில் விழுந்த பந்து கொடுத்ததற்கு, மற்றொன்று, கொடுத்தது சரியாக இருந்தும் வாங்கினவள் தவறவிட்டதற்கு. இரண்டாவது பத்தி எந்தத் தேசத்துச் சட்டத்திலும் இல்லை. என் சொந்தச் சரக்கு. முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்பொழுது ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் நோட்டைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். சென்ற பருவத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, புள்ளி ஒன்றும் எடுக்காத ஆட்டத்தில் அந்த இரண்டு பத்திகளையும் பக்கத்தின் ஓரம் வரையில் நிரப்பியிருந்தாள். கலாசாலை ஒன்றிலிருந்து தேர்வுக்கு வந்த ஆசிரியை கணக்குத்தாளைப் புரட்டிவிட்டு எழுந்தபோது, அந்த நோட்டை அவரிடம் நீட்டினேன். நின்றபடியே வாங்கிப் பார்த்தவர், பிறகு உட்கார்ந்து, “இதில் எந்தப் பெண் இவள்?” என்று கேட்டார்.